தரத்தோல்

சங்கமித்திரை பதினோரு வருடங்களாகத் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தாள். உயிருள்ள தோலை அல்ல. சென்னையில் அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் உருவாக்கிய செயற்கைத் தோலை. மேலே மெல்லிய படலம், நடுவே ரப்பரில் பின்னிய நார்வலை, அடியில் கொழுப்பைப் போல நெகிழும் கூழ். இரண்டு பிடிகளுக்கு நடுவே அதை மாட்டி இழுப்பாள். எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீள்கிறது, எங்கே இறுகுகிறது, எப்போது அறுகிறது என்று குறித்துக்கொள்வாள்.

மனிதரைத் தொட்டு வேலை செய்யும் இயந்திரங்கள் பெருகியபோது, அவை எவ்வளவு அழுத்தலாம், எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அரசுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இந்தச் செயற்கைத் தோலையே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதற்குத் தரத்தோல் என்று பெயர். முடி வெட்டும் கருவியானாலும் நோயாளியைத் தூக்கும் எந்திரக் கையானாலும் முதலில் தரத்தோலைத் தொட வேண்டும். தரத்தோல் கிழியவில்லையென்றால் இயந்திரம் பாதுகாப்பானது. அதற்கு மேல் பேச்சில்லை.

லீலாபாயின் வழக்கு வந்தபோதும் சங்கமித்திரை அப்படித்தான் நினைத்தாள்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே பாலவிளை என்ற ஊரில் ஒரு முந்திரி ஆலை இருந்தது. அண்டியாபீஸ் என்பார்கள் அந்தப் பக்கத்தில். அவித்த கொட்டையின் ஓட்டை உடைக்க அங்கே இயந்திரக் கைகள் வந்திருந்தன. ஆனால் வளைந்து நெளிந்த கொட்டையை எந்தப் பக்கம் திருப்பினால் பருப்பு உடையாமல் வரும் என்பது இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. அது பெண்களின் விரல்களுக்குத்தான் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எதிரே ஒரு பெண். அவள் கொட்டையைத் திருப்பி நீட்டுவாள். இயந்திரத்தின் இரண்டு ரப்பர் விரல்கள் அதைக் கவ்விக்கொண்டுபோய் வெட்டும். இரண்டு வினாடிக்கு ஒரு கொட்டை. பெண்கள் அதற்குக் கவ்வான் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரே இருப்பது மனிதக் கைதான் என்பதைத் தொடுகையில்தான் அது அறியும். கொட்டையையும் வெறுந்தோலையும் தவிர வேறு எது பட்டாலும் நின்றுவிடும். அதனால் கையுறை போட முடியாது. தவறி விரலைக் கவ்வினாலும் ஒன்றும் ஆகாது என்றது சான்றிதழ். தோல் நீளும், விரல் நழுவி வெளியே வந்துவிடும்.

லீலாபாயின் விரல் நழுவவில்லை. வலதுகையின் இரண்டு விரல்களில் தோல் உறையைப்போலக் கழன்றுவிட்டது.

நாகர்கோவிலில் இயந்திரப் பாதுகாப்பு ஆணையத்தின் விசாரணை நடந்தது. சங்கமித்திரை ஆய்வுக்கூடத்தின் சார்பில் சாட்சி சொன்னாள். அந்த விசையில் தரத்தோல் கிழியாது, நாற்பதாயிரம் தடவை இழுத்துப் பார்த்திருக்கிறோம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை ஆலையின் வக்கீல் சொன்னார்: இயந்திரம் செய்யவில்லையென்றால் நஷ்டஈட்டுக்காக அந்த அம்மாளே செய்துகொண்டிருக்க வேண்டும்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது லீலாபாய் அவளை வழிமறித்தாள். நாற்பத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு. வலது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள்.

“மேடம், உங்க தோலு கிழியாதுண்ணு சொன்னிய. செரி. எனக்க தோலு கிழிஞ்சுதே, அது பொய்யா?”

“நான் உங்களைப் பொய்னு சொல்லலைங்க. மெஷினால கிழிஞ்சிருக்க முடியாதுன்னுதான்...”

“அப்பம் நானே அறுத்தேன். அதைத்தானே சொல்லுதிய?” லீலாபாய் இடது கையை நீட்டினாள். “இதைத் தொட்டுப் பாத்துட்டுப் போங்க.”

சங்கமித்திரை தொட்டாள். பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள், அமுங்கவில்லை. கிள்ளித் தூக்கப் பார்த்தாள். தோல் மேலே எழவே இல்லை. வெயிலில் காய்ந்த செருப்புத் தோலைப்போல இருந்தது. மூட்டுகளில் கறுப்பாகக் கோடு கோடாக வெடிப்புகள்.

“இருவத்தாறு வருசமா கொட்டைக்க ஓட்டெண்ணெ பட்டுப்பட்டு இப்பிடி ஆச்சு. தோலைப் பொசுக்கும் அது” என்றாள் லீலாபாய். “பொள்ளும், உரியும், பெறகு முளைக்கும். இப்பம் முளைக்கதும் இல்ல.”

பதினோரு வருடத்தில் சங்கமித்திரை தொட்ட எந்தத் தோலும் அப்படி இருந்ததில்லை.

சென்னை திரும்பியதும் இயக்குநர் மகுடபதியின் அறைக்குப் போனாள்.

“சார், நம்ம தோல் யாரைப் பாத்து செஞ்சது?”

“யாரைப் பாத்தும் இல்லம்மா. சராசரி. இருநூத்துப் பன்னெண்டு பேரோட சராசரி.”

“யாரு அந்த இருநூத்துப் பன்னெண்டு பேர்?”

மகுடபதி கண்ணாடியைக் கழற்றினார். “காலேஜ் பசங்க. நம்ம ஸ்டாஃப். நான்கூட விரலை நீட்டினேன்.”

“கையால வேலை செய்யறவங்க ஒருத்தராவது அதுல உண்டா?”

“டைப் அடிக்கறதும் கைவேலைதானே” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “மித்ரா, ஊருக்கு ஒரு தோல், தொழிலுக்கு ஒரு தோல்னு வெச்சா சட்டம் எப்படி நடக்கும்? எங்கேயாவது ஒரு இடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும்.”

அவள் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தோலை அளக்கும் கருவியோடு பாலவிளைக்கு ரயிலேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து பெண்கள் லீலாபாயின் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். கருவி பார்ப்பதற்குத் தடித்த பேனாபோல இருக்கும். விரல்மேல் வைத்தால் தோலை மெல்ல உறிஞ்சி இழுத்து விடும். நாற்பத்து மூன்று பேருக்கு அளந்தாள். ஒவ்வொருத்தியின் பெயரையும் வயதையும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டாள்.

சுகந்திக்கு முப்பத்தொரு வயது. அவளுடைய கணவன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். விரலை நீட்டுவதற்கு முன்னால் அவள் கேட்டாள்: “பேரெல்லாம் எதுக்கு எளுதுதிய?”

“பேர் இல்லேன்னா நானே உக்காந்து எழுதின கணக்குன்னு சொல்லிடுவாங்க. பேரும் கையெழுத்தும் இருந்தாத்தான் ஆணையம் ஏத்துக்கும்.”

“எங்களுக்கு ஒண்ணும் வராதே?”

“நல்லதுதான் வரும். நான் பொறுப்பு.”

சுகந்தி விரலை நீட்டினாள். கருவி உறிஞ்சியபோது எட்டிப் பார்த்தாள். “என்ன பாக்குது இது?”

“தோலுக்குள்ள நார் நாரா இருக்கும். சும்மா இருக்கும்போது சுருண்டு கிடக்கும். இழுத்தா முதல்ல சுருள் பிரிஞ்சு நேராகும், அதனால தோல் லேசா நீளும். எல்லா நாரும் நேரானப்புறம்தான் இறுகும். அதுக்கும் மேல இழுத்தா கிழியும்.”

“எனக்குள்ளது?”

சங்கமித்திரை எண்ணைப் பார்த்தாள். “உங்களுது முன்னாடியே நேரா நிக்குது. நீள்றதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை.”

“செரிதான்” என்று சுகந்தி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். “எங்க பாடும் அப்பிடித்தான்.” பெண்கள் சிரித்தார்கள். லீலாபாய் மட்டும் சிரிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சையில் லீலாபாயின் விரலிலிருந்து வெட்டிய ஓரத்துண்டை வழக்குக்காக உறைநிலையில் வைத்திருந்தார்கள். அதை இழுத்துப் பார்த்ததில் கிழியும் விசையும் தெரிந்தது. தரத்தோலில் மூன்றில் ஒரு பங்கு. இந்த அளவுகளை வைத்துச் சங்கமித்திரை ஆறு வாரம் உழைத்துப் புதிதாக ஒரு செயற்கைத் தோலைச் செய்தாள். பாலவிளைப் பெண்களின் தோல். கவ்வானின் ரப்பர் விரல்களுக்கு நடுவே அதைக் கொடுத்து, சான்றிதழில் அனுமதித்த அதே விசையில் இழுக்கவிட்டாள். மூன்றாவது இழுப்பில் முழுசாக உரிந்து வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாத அந்த அறையில் அவள் வாய்விட்டு “ஐயோ” என்றாள்.

ஆணையம் இந்தச் சோதனையின் காணொளியைப் பார்த்தது. நாற்பத்து மூன்று பெயர்கள் கொண்ட பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டது. லீலாபாய் பொய் சொல்லவில்லை என்று உத்தரவு போட்டது. அன்று மாலை பாலவிளையில் பெண்கள் சங்கமித்திரைக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் கட்டிக் கொடுத்தார்கள். லீலாபாய் ரயிலடி வரைக்கும் வந்தாள்.

உத்தரவில் இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. தரத்தோலின் அளவுக்குக் குறைவான தோல் உடையவர்களை இத்தகைய இயந்திரங்களின் அருகே நிறுத்தக் கூடாது. சங்கமித்திரை அதை ரயிலில் இரண்டு முறை படித்தாள். நல்ல பாதுகாப்புதான் என்று நினைத்தாள். இனி ஆலை வேறு வழியில்லாமல் இயந்திரத்தின் பிடியைத் தளர்த்தும் என்று நம்பினாள்.

ஒன்பதாம் நாள் சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“மேடம், கேற்றுல பேரு ஒட்டியிருக்கு. நாப்பத்திமூணு பேரு. வேலை கெடையாதுண்ணு போட்டிருக்கு.”

“யாரு... என்ன பேரு?”

“நீங்க எளுதினதுதான். எனக்க பேரைச் சுகுந்திண்ணு எளுதியிருந்தியல்லா. இதுலயும் சுகுந்திதான்.”

அவசரத்தில் அவள் அடித்த பிழை. ஆணையத்திடமிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வாசற்கதவுக்கு, ஓர் எழுத்தும் மாறாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் மறுபடி பாலவிளைக்குப் போனபோது யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. லீலாபாயின் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆலை வாசலில் இப்போது அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். பக்கத்து ஊர்களில் இருந்த இரண்டு ஆலைகளுக்கும் பட்டியல் போயிருந்தது. விரல் தேறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

பெண்கள் தேறுவதற்கு என்னென்னவோ செய்து பார்த்திருந்தார்கள். கிளிசரின், தேங்காயெண்ணெய், பப்பாளித்தோல், சுடுகஞ்சி. றோஸிலெட் என்பவள் சவர பிளேடால் விரலைச் சீவியிருந்தாள். கைக்குட்டையால் சுற்றிய கட்டில் இரத்தம் ஊறியிருந்தது.

“ஏன் இப்படிப் பண்ணினீங்க?” என்றாள் சங்கமித்திரை.

“மேல்தோலு போனா அடியில உள்ளது இளசா இருக்கும்லா” என்றாள் றோஸிலெட். “நேற்று வச்சுப் பாத்தேன். சிவப்புதான் எரிஞ்சுது.”

சுகந்தி எழுந்து வந்து எதிரில் நின்றாள். “மேடம், தோலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்ல. சொல்லுங்க. இது நீள்றதுக்கு என்ன செய்யணும்?”

“எண்ணெ படாம இருந்தா மெல்ல மெல்லச் சரியாகும்.”

“எவ்வளவு நாளு?”

“ஆறு மாசம். எட்டு மாசம்கூட ஆகலாம்.”

“அப்பம் எட்டு மாசம் வேலைக்குப் போவாம இருந்தா வேலைக்குப் போவலாம்.”

சங்கமித்திரையால் தலையைத் தூக்க முடியவில்லை. மேல்முறையீடு செய்வோம், பிடியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்போம் என்றாள். அதற்கு எத்தனை நாள் என்று கேட்டார்கள். அதுவும் ஆறேழு மாதம்தான்.

“அதுக்குள்ள எனக்க வீட்டுல ரெண்டு பிள்ளைய என்ன தின்னும்?” சுகந்தி விரலை அவள் முன்னால் நீட்டினாள். “நல்லதுதான் வரும்ணு சொல்லித்தானே வெரலைப் பிடிச்சிய?”

அன்று ரயிலுக்குக் கிளம்பிய சங்கமித்திரை நாலாம் நாள் திரும்பி வந்தாள். பையில் தரத்தோல் சுருள்கள் இருந்தன. சோதனையில் கிழித்ததாகக் கணக்கெழுதிவிட்டுக் கொண்டுவந்தவை. சமையலறைத் தரையில் விரித்தபோது லீலாபாய்க்குப் புரிந்துவிட்டது.

“இதை அவளுகளுக்க கையில ஒட்டி உள்ள அனுப்பப் போறிய.”

“ஒட்டலை அக்கா. உறை மாதிரி. மூணு விரலுக்கு.”

“வேண்டாம்.” லீலாபாய் தன் வலது கையை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பளபளவென்று வேறு நிறத்தில் இருந்தது. “எனக்கு வந்தது அவளுகளுக்கும் வரணுமா? வேலை இல்லாம கெடந்தாலும் கையி இருக்கும்லா.”

“கேளுங்க. உள்பக்கம் எண்ணெ தடவி லூஸா போட்டா, கவ்வான் பிடிச்சதும் உறைதான் நழுவும். விரல் வெளியே வந்துடும். இது மனுஷத்தோல்னுதான் கவ்வான் நினைக்கும், அதனால நிக்காது. வாசல்ல இருக்கற கருவியும் அப்படித்தான் நினைக்கும்.”

“நிச்சயமா நழுவுமா?”

“நழுவும்.”

“நல்லது வரும்ணு சொன்ன மாதிரியா?”

சங்கமித்திரை ஓர் உறையை வெட்டித் தன் விரலில் மாட்டி, லீலாபாயிடம் நீட்டினாள். “இடுக்கியால பிடிச்சு இழுங்க. முழு பலத்தோட.”

லீலாபாய் அடுப்படி இடுக்கியை எடுத்து இழுத்தாள். உறை இடுக்கியோடு போயிற்று. விரல் அப்படியே இருந்தது. எட்டுத் தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு கத்திரியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு பகல் முழுவதும் வெட்டினார்கள். தேயிலைச் சாற்றிலும் ஓட்டெண்ணெயிலும் முக்கிக் கையின் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை காலை சுகந்தி முதல் ஆளாக வாசலில் விரலை வைத்தாள். பச்சை எரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள். கை சீராகிவிட்டதா என்று மேலாளர் கேட்டதற்கு, ஓய்வெடுத்தோம், சீராகிவிட்டது என்றார்கள். அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த ஆறு மாதத்தில் கவ்வான் பத்தொன்பது தடவை விரலைக் கவ்வியது. பத்தொன்பது தடவையும் உறைதான் போயிற்று. பெண்கள் உடனே வேறொன்றை மாட்டிக்கொண்டு, வெட்டுப்பட்டதைச் சோற்றுப் பாத்திரத்தில் மறைத்து எடுத்துவந்து லீலாபாயிடம் கொடுத்தார்கள். அவள் இடது கையாலேயே வெட்டப் பழகிவிட்டாள். சென்னையிலிருந்து மாதம் ஒரு பொட்டலம் வந்தது. சங்கமித்திரைக்கு மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. பிடியைத் தளர்த்தக் கோரும் மேல்முறையீடு ஆணையத்தில் இருந்தது. அது முடிந்துவிட்டால் இந்தத் திருட்டுக்கும் வேலை இருக்காது.

ஒரு காலையில் மகுடபதி அவளைக் கூப்பிட்டார். மேஜையில் ஆணையத்தின் கடிதம் இருந்தது.

“உன்னோட மேல்முறையீடு தள்ளுபடி” என்றார். “படி.”

அவள் படித்தாள். பாலவிளை ஆலையில் ஆறு மாதமாக ஒருவருக்கும் காயமில்லை. முன்பு குறைவான தோல் என்று அளக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேரும் இப்போது வாசற்கருவியில் தினமும் தேறுகிறார்கள். ஆகவே முந்தைய அளவீடே தவறாக இருக்க வேண்டும். தரத்தோல் சரியானது. இயந்திரத்தின் பிடியும் சரியானது. முந்தைய அளவீட்டை நம்பிக் கொடுத்த லீலாபாய் வழக்கின் உத்தரவை மறுபரிசீலனை செய்ய ஆலை கேட்டிருக்கிறது; ஆணையம் அதை ஏற்கிறது.

மகுடபதி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். வாசற்கருவியின் பதிவுகள். “நாப்பத்து மூணு பேருக்கும் நம்ம தரத்தோலோட அளவு. தினமும். புள்ளிகூட மாறாம.” ஒரு வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். “மனுஷத் தோல் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு காட்டும். ஒருத்தருக்கும் இப்படி வராது. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

“சார், நான்...”

“நான் ஒண்ணும் கேக்கலை. நீயும் சொல்லாத.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “இதை வெச்சு ஒரு கட்டுரை போகுது. ரசாயனத்துல வேலை செய்யறவங்களுக்கும் தரத்தோல் பொருந்தும்னு. இன்னும் நாலு நாடு நம்ம தரத்தை எடுத்துக்கப் போகுது.”

“அது பொய் சார்.”

“எண் பொய்யில்லையேம்மா” என்றார் மகுடபதி. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆனால் கட்டுரையை அவர் நிறுத்தப்போவதும் இல்லை.

மறுநாள் பகல் சங்கமித்திரை பாலவிளையில் இருந்தாள். லீலாபாய்க்கு ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆணையத்தில் ஆஜராக வேண்டும். பொய் வழக்குப் போட்டதற்காகக் கிரிமினல் நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

“நான் உண்மையச் சொல்லிடறேன் அக்கா” என்றாள். “உறை செஞ்சது நான்னு, தோலைத் திருடினது நான்னு. அப்போ முதல் அளவுதான் சரின்னு ஆயிடும். உங்களை ஒண்ணும் பண்ண முடியாது.”

“உங்களை?”

“ஜெயில்ல போடட்டும். நான் பாத்துக்கறேன்.”

“அது உங்க பாடு. அவளுகளுக்க பாடு?” லீலாபாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். “நாப்பத்திமூணு பேரும் கள்ளத்தோலு போட்டு ஏமாத்தினாளுவண்ணு வரும். வேலை போவும். கேசும் வரும்.”

“ஆனா உண்மை தெரிஞ்சா எல்லா ஊர்லயும் பிடியைத் தளர்த்துவாங்க. எத்தனை பேர் கை தப்பும் தெரியுமா?”

“தளர்த்துவினுமா?” லீலாபாய் நிமிர்ந்து பார்த்தாள். “கேக்குதேன், சொல்லுங்க. போன தடவை உண்மைதானே சொன்னிய. மெசினைத் தளர்த்தினானா, எங்களைத் தள்ளினானா?”

முற்றத்தில் சுகந்தியின் சின்னப் பெண் நோட்டுப்புத்தகத்தோடு வந்து நின்றாள். அம்மா ஷிப்டு முடிந்து வரும்வரை அவள் இங்கேதான் படிப்பாள். லீலாபாய் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் அறுத்தேண்ணு சொல்லிக்கிடுதேன்.”

“அக்கா!”

“நானா சொல்லிட்டேண்ணா கேசு முடிஞ்சுது. பெறகு ஒருத்தனும் அளவைப் பற்றிக் கேக்க மாட்டான். வக்கீலிட்ட கேட்டேன். மன்னிப்பு எளுதிக் குடுத்தா ஜெயிலு இல்லையாம். இனி எந்த அண்டியாபீஸிலயும் வேலைக்குக் கேற முடியாது, அவ்வளவுதானே. இந்தக் கையை வச்சு நான் இனி எங்கே கேறப் போறேன்?”

சங்கமித்திரை அன்று முழுவதும் மன்றாடினாள். வேறு வழி இருக்கிறது என்றாள்; என்ன வழி என்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. ஊர் முழுக்க உங்களைக் கள்ளி என்று சொல்லும் என்றாள். ஊருக்குத் தெரியும் என்றாள் லீலாபாய். கடைசியில் சங்கமித்திரை அழுதாள். லீலாபாய் அழவில்லை. எழுந்து போய்ப் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தாள்.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். ஆணையத்தில் புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் வாக்குமூலம் எழுதினார். அவருக்குச் சங்கமித்திரையைத் தெரியவில்லை.

“யாராவது மிரட்டினாங்களாம்மா?”

“இல்ல சார்.”

“எதால அறுத்தீங்க?”

“வீட்டுல உள்ள கத்தியால.”

“எப்படின்னு சொல்லணும். எழுதணும்.”

லீலாபாய் சேலைத் தலைப்பை விலக்கி வலது கையை மேஜைமேல் வைத்தாள். இடது கை விரலால் அதன்மேல் காட்டினாள். “இங்க இருந்து தொடங்கி, இப்பிடிச் சுற்றி... பெறகு பிடிச்சு இழுத்தேன் சார். முழுசா கழண்டு வந்துட்டு.”

அப்படி எந்தக் கத்தியாலும் செய்ய முடியாது. இரண்டு விரலையும் ஒரே நேரத்தில், ஒரே சீராக, எலும்பில் கீறல்கூடப் படாமல். தோலைப் பற்றி ஒரு நாள் படித்தவனுக்கும் அது தெரியும். சங்கமித்திரை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்கலையா?” என்று அதிகாரி கேட்டார். எழுதுவதற்காக அல்ல, கேட்கத் தோன்றிக் கேட்டார்.

“வலிச்சுது சார்” என்றாள் லீலாபாய்.

அந்த வாக்குமூலத்தில் அது ஒன்றுதான் உண்மை. அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை.

வலது கையால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் இடது கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார். மைப்பெட்டியில் தோய்த்து வைத்தாள். காகிதத்தில் வெறும் நீலத்திட்டுதான் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூன்று தடவையும் அப்படியே.

“ரேகையே விழ மாட்டேங்குதே.”

“எண்ணெ தின்னுட்டு சார்.”

அதிகாரி யோசித்துவிட்டுச் சங்கமித்திரையைப் பார்த்தார். “கூட வந்தவங்களா? இவங்க சொந்த விருப்பத்துலதான் சொன்னாங்கன்னு நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டா போதும்.”

காகிதத்தை அவள் பக்கம் தள்ளி, பேனாவையும் கொடுத்தார். சங்கமித்திரை லீலாபாயைப் பார்த்தாள். லீலாபாய் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள்.

சங்கமித்திரை கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரும்.

வெளியே வெயிலில் கண் கூசியது. படியிறங்கும்போது லீலாபாய் கட்டைவிரலில் இருந்த மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“வெரசா வாங்க மேடம். றோஸிலெட்டுக்கு ரெண்டாம் ஷிப்டு. ஒரு வெரலு உறைதான் மிச்சமிருக்காம். போய் வெட்டிக் குடுக்கணும்.”